மலர்க் கண்காட்சிக்கு முன்னும் பின்னும்

(காஞ்சிபுரத்தில் தொடக்கநிலை, உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கு நடந்த பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் நம் பள்ளிகளில் களப்பயணப் பேச்சு தொடங்கிவிடும். சென்னையில் மலர்க் கண்காட்சி, செம்மொழிப் பூங்கா என்று செய்தித்தாளில் படம் வரும். பிள்ளைகள் கேட்பார்கள். பேருந்து பேசி, பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் வாங்கி, சாப்பாட்டுப் பொட்டலம் கட்டி, சுமார் 75 கிலோமீட்டர் அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் நமக்குப் பாதி உயிர் போய்விடும். மறுநாள் வகுப்பில் "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "பூவுல யானை சார், பூவுல மயில் டீச்சர்" என்று பதில் வரும். "அந்த யானை என்ன பூவால் செய்தது?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. யானையையும் மயிலையும் பார்த்து வியப்பது பிள்ளைகளின் உரிமை. ஆனால் இவ்வளவு செலவும் உழைப்பும் போட்டுச் செல்லும் பயணத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு செடியையாவது பெயரோடும் குணத்தோடும் அறிந்து திரும்ப வேண்டும். அதற்கான வேலை சென்னையில் தொடங்குவதில்லை. நம் காஞ்சிபுரத் தெருவில் தொடங்கி, நம் பள்ளி வளாகத்தில்தான் முடிகிறது. இன்று நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

பூங்கா வேறு, கண்காட்சி வேறு

முதலில் நாமே இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்வோம். தாவரவியல் பூங்கா என்பது செடிகளின் நூலகம். ஒவ்வொரு மரமும் ஒரு புத்தகம்; அதன் பெயர்ப்பலகை புத்தகத்தின் அட்டை. அது ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். மலர்க் கண்காட்சி அந்த நூலகத்தில் சில நாட்கள் நடக்கும் விழா.

உதகமண்டலத்து அரசு தாவரவியல் பூங்கா 1848இல் வில்லியம் கிரகாம் மெக்கைவர் என்பவரின் பொறுப்பில் உருப்பெற்றது. அவர் லண்டன் கியூ தோட்டத்தில் பயின்றவர். சுமார் 22 ஹெக்டேர் பரப்புள்ள அந்தப் பூங்காவில் 2025 மே மாதம் நடந்தது 127ஆவது மலர்க் கண்காட்சி. ஊட்டி மலர்க் கண்காட்சி என்றால் நமக்கு மே மாதம் நினைவுக்கு வருகிறது. தோட்டத் தொழிலாளிக்கோ அது பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. எந்த விதை எத்தனை நாளில் பூக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு விதைத்து, நாற்றைத் தொட்டிக்கு மாற்றி, எல்லாம் ஒரே வாரத்தில் மலரும்படி செய்கிறார்கள். விழாவின் உண்மையான அதிசயம் இந்தக் கணக்குதான்.

சென்னை செம்மொழிப் பூங்கா 2010 நவம்பர் 24 அன்று திறக்கப்பட்டது. கதீட்ரல் சாலையில் சுமார் 20 ஏக்கர். வேளாண் தோட்டக்கலைச் சங்கம் என்ற அமைப்பு 1835இலேயே சென்னையில் தொடங்கப்பட்டது. அதன் வரலாற்றோடு இணைந்த இடம் இது. பின்னாளில் அங்கே ஒரு உணவகம் நடந்தது. வாகனத்தில் அமர்ந்தபடியே சாப்பிடலாம். இப்போது பூங்காவைத் தோட்டக்கலைத் துறை பராமரிக்கிறது.

இங்கே மாணவர்களிடம் கேட்க ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. சென்னையில் தோட்டக்கலைத் துறையின் மலர்க் கண்காட்சி 2022இல் ஜூன் மாதம் கலைவாணர் அரங்கத்தில் நடந்தது. 2024இல் செம்மொழிப் பூங்காவில் பிப்ரவரியில் நடந்தது. 2025இல் ஜனவரி 2ஆம் தேதியே தொடங்கிவிட்டது. செடியின் பக்கம் நின்று யோசித்தால், ஜூன் நல்லதா ஜனவரி நல்லதா? பெட்டூனியா, டேலியா, சால்வியா போன்றவை குளிர்ந்த காலத்தை விரும்பும் செடிகள். ஜூன் மாத வெயிலில் நம் ஊரில் அவற்றைத் தொட்டியில் வைத்துப் பாருங்கள். அறிவியல் பாடத்தில் வரும் "சூழ்நிலைக் காரணிகள்" என்ற சொல் அப்போது பிள்ளைகளுக்கு உயிரோடு புரியும்.

பெயர் மட்டும் மிஞ்சிய பூ

1999இல் ஜேம்ஸ் வான்டர்சீ, எலிசபெத் ஷஸ்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், உயிரியல் ஆசிரியர்களுக்கான இதழ் ஒன்றில் ஒரு சொல்லை முன்வைத்தார்கள். தமிழில் அதைத் தாவரக் குருடு எனலாம். காட்டுப் படம் ஒன்றைக் காட்டி "என்ன இருக்கிறது?" என்று கேட்டால் "புலி" என்போம். புலியைச் சுற்றியிருக்கும் நூறு செடிகள் கண்ணில் படாது. செடிகள் நமக்குப் பின்னணித் திரையாகிவிடுகின்றன.

நம் ஊரில் இது வேறொரு விதமாக வருகிறது. எட்டாம் வகுப்பில் ஒருமுறை தாழம்பூ பற்றிப் பேச்சு வந்தது. தறிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து, "தாழம்பூன்னா பார்டர்தானே சார்?" என்று கேட்டாள். வகுப்பு சிரிக்கவில்லை. ஏனென்றால் யாருக்குமே அதற்கு மேல் தெரியாது. தாழம்பூ ரேக்கு எப்படி விழும், அதற்கு எத்தனை ஜரிகை ஓடும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். அப்படி ஒரு செடி இருக்கிறது, அதற்கு மணம் இருக்கிறது என்பது தெரியாது.

நம் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சில் எத்தனை பூக்கள் இருக்கின்றன, எண்ணிப் பாருங்கள். புட்டாவில் மல்லிமொக்கு. சேலை நிறத்தில் வாடாமல்லி, கத்திரிப்பூ, கனகாம்பரம். இந்தப் பெயர்களை வைத்தவர்கள் அந்தச் செடிகளைத் தினமும் பார்த்தவர்கள். கத்திரிப்பூவின் ஊதாவும் வாடாமல்லியின் ஊதாவும் வேறு வேறு என்று கண்ணால் அறிந்ததால்தான் இரண்டு பெயர் வந்தது. செடி மறைந்து பெயர் மட்டும் நின்றால், இன்னும் ஒரு தலைமுறையில் அது வெறும் நிற எண்ணாகிவிடும். காஞ்சிப் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பட்டில் உள்ள பூக்களைப் பிள்ளைகளுக்கு அடையாளம் காட்டும் பொறுப்பு ஆசிரியர்களாகிய நம்முடையது.

போகும் முன்: நம் தெருவே முதல் பூங்கா

பயணத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தில் மூன்று சிறு செயல்பாடுகளைச் செய்யலாம். மூன்றுக்கும் செலவில்லை.

முதலாவது, சேலைப் பூ தேடல். வீட்டில் இருக்கும் சேலை, தறி, அட்டை எதிலாவது ஒரு பூவின் பெயரையோ வடிவத்தையோ கண்டுபிடித்து வரைந்து வரச் சொல்லுங்கள். தாத்தா பாட்டியிடம், "இந்தப் பூவை நீங்கள் செடியில் பார்த்திருக்கிறீர்களா, எங்கே?" என்று கேட்டு எழுதி வரட்டும். தறி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு ரங்கோலிப் பூவும் கோயில் தூணில் செதுக்கிய பூவும் இருக்கின்றன. தாழை நீர்க்கரையிலும் கடலோரத்திலும் வளரும் செடி. ஆண், பெண் தனித்தனி. மணக்கும் தாழம்பூ ஆண் செடியில் வருவது. நாம் பூவின் இதழ் என்று நினைக்கும் அந்த நீண்ட மடல் உண்மையில் இதழ் அல்ல, பூவடிச் செதில். வாடாமல்லியிலும் அப்படித்தான். நிறம் தாங்கி நிற்பது காகிதம் போல உலர்ந்த பூவடிச் செதில்கள். அதனால்தான் அது வாடுவதில்லை. வேலியோரத்துக் காகிதப்பூவைப் பறித்துப் பார்த்தால் வண்ணச் செதில்களுக்கு நடுவே சின்ன வெள்ளைப் பூ இருக்கும். ஒரே பாடவேளையில் ஒரு தாவரவியல் கருத்தை மூன்று செடிகளில் காட்டிவிடலாம்.

இரண்டாவது, பூக்கடை ஆய்வு. ஒரு செண்டுமல்லியை வாங்கி நான்கு பிள்ளைகளுக்கு ஒன்று என்று கொடுங்கள். பிரித்து எண்ணட்டும். "ஒரு பூ" என்று நாம் சொல்வதற்குள் எத்தனையோ சிறு பூக்கள் இருப்பது தெரியவரும். பதினொன்றாம் வகுப்பில் தலை மஞ்சரி என்று படிப்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை விரலால் படித்துவிடுகிறது. பிறகு ஒரு செய்தியைச் சொல்லுங்கள்: கோயில் மாலையில் தவறாமல் இருக்கும் இந்தச் செண்டுமல்லியின் பூர்வீகம் மெக்சிகோ பக்கம்.

மூன்றாவது, கோயில் மரங்கள். ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தைப் பற்றி நம் ஊர்ப் பிள்ளைக்குத் தெரியும். நான்கு கிளை, நான்கு சுவை என்று கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் மாம்பூவைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? மலர்க் கண்காட்சி நடக்கும் அதே தை, மாசியில்தான் ஊரெங்கும் மா பூக்கிறது. ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில், சில வகைகளில் ஆயிரக்கணக்கில் பூக்கள். அவற்றில் ஆண் பூவும் உண்டு, இருபால் பூவும் உண்டு. கடைசியில் காயாகி நிற்பது ஒன்றோ இரண்டோ. "மற்றவை எங்கே போயின?" என்ற கேள்வியை விதைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். மகரந்தச் சேர்க்கைப் பாடம் தானே வரும்.

இன்னொன்று நாகலிங்க மரம். அடிமரத்திலேயே பூக்கும், பூவின் உள்ளே லிங்கமும் மேலே நாகப்படமும் இருப்பது போல் தோன்றும். சிவன் கோயில்களில் அன்போடு வளர்க்கிறோம். இது தென் அமெரிக்காவின் மரம். ஆங்கிலத்தில் இதைப் பீரங்கிக் குண்டு மரம் என்கிறார்கள். காயைப் பார்த்தால் காரணம் விளங்கும். இதைச் சொல்லும்போது யாருடைய நம்பிக்கையையும் குறைக்க வேண்டியதில்லை. கடல் கடந்து வந்த ஒரு மரத்துக்கு நம் மக்கள் தங்கள் கண்ணால் பார்த்துத் தமிழில் ஒரு பெயர் வைத்துக் கோயிலில் இடம் கொடுத்தார்கள் என்று சொல்லுங்கள். சமூக அறிவியல் ஆசிரியர் அங்கிருந்து மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி என்று தொடரலாம்.

போன இடத்தில்: ஒரு பிள்ளை, ஒரு செடி

பூங்கா வாசலில் இறங்கியதும் வரிசையாக நடத்திக் காட்டுவதை விட்டுவிடுவோம். முதல் அரை மணி நேரம் யானை, மயில், இதய வடிவ வளைவு எல்லாவற்றையும் பார்க்க விட்டுவிடுங்கள். ஆசை தீராமல் கவனம் வராது. அதன்பின் நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு செடி. அந்தச் செடியின் முன் இருபது நிமிடம். பெயர்ப்பலகையில் உள்ள பெயர், இலையின் விளிம்பு, இதழ்களின் எண்ணிக்கை, மணம் உண்டா, எந்தப் பூச்சி வந்தது, எத்தனை முறை வந்தது. இவ்வளவு போதும். படமும் வரைய வேண்டும். கைபேசிப் படம் வரைபடத்துக்கு ஈடாகாது. வரையும் கைதான் இலை எதிரெதிராக இருக்கிறதா மாறிமாறி இருக்கிறதா என்று கவனிக்கிறது.

ஒன்று முதல் ஐந்து வரை உள்ள பிள்ளைகளுக்கு நிறம், வடிவம், எண்ணிக்கை போதும். ஆறு முதல் எட்டு வரை உள்ளவர்கள் பூவின் பாகங்களையும் பூச்சிகளையும் பார்க்கட்டும். ஒன்பது, பத்தாம் வகுப்புக்குக் "ஏன்" என்ற கேள்வி வேண்டும். உதாரணமாக, சாமந்தி ஏன் குளிர்காலத்தில் அதிகம் பூக்கிறது? 1920இல் கார்னர், அல்லார்டு என்ற இரு விஞ்ஞானிகள், செடி பூப்பதில் பகல் இரவின் நீளத்துக்குப் பங்குண்டு என்று புகையிலையில் காட்டினார்கள். சாமந்தி நீண்ட இரவுக்காகக் காத்திருக்கும் செடி. பூ வளர்ப்போர் இரவில் விளக்கெரிய விட்டு மலர்வதைத் தள்ளிப்போடுவதும் உண்டு. சூரியகாந்தி கண்ணில் பட்டால் கணித ஆசிரியர் விடக் கூடாது. நடுவட்டத்தின் சுழல்களை இரு திசையிலும் எண்ணினால் பெரும்பாலும் 34, 55 போன்ற எண்கள் வரும். அந்த எண்கள் எந்தத் தொடரில் வருகின்றன என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

நடைமுறையில் சில: வார நாளில், காலையிலேயே போய்ச் சேருங்கள், விடுமுறை நாள் மாலையில் செடியைவிடக் கூட்டம்தான் தெரியும். பூங்கா அலுவலகத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுதினால் தோட்டப் பணியாளர் ஒருவரைப் பேச வைக்க முடியுமா என்று கேட்கலாம். விதைத்தவர் வாயால் கேட்கும் பத்து நிமிடம் நம் ஒரு மணி நேர விளக்கத்துக்குச் சமம். கண்காட்சி வளைவுகளுக்கு அப்பால் பழைய மரங்கள் நிற்கும் பகுதிக்கும் அழைத்துச் செல்லுங்கள். தொட்டிச் செடிகள் சில வாரத்தில் போய்விடும், மரம் அடுத்த முறையும் அங்கேயே நிற்கும்.

திரும்பி வந்த பின்: பள்ளியின் பூ நாட்காட்டி

பயணக் கட்டுரை ஒன்று எழுதச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அதற்குப் பதிலாக ஒரு வேலையைப் பரிந்துரைக்கிறேன். வகுப்புச் சுவரில் பன்னிரண்டு தமிழ் மாதங்களுக்கும் கட்டம் போட்டு ஒரு பூ நாட்காட்டி தொங்கட்டும். பள்ளி வளாகத்திலும் வரும் வழியிலும் எது எப்போது பூத்தது என்று பிள்ளைகள் தேதியோடு குறிக்க வேண்டும். தையில் மா, ஆவாரை. பங்குனி, சித்திரையில் வேம்பு, புங்கம். கோடையில் சரக்கொன்றை. அதையடுத்து மயிற்கொன்றை, அது மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எழுதினால், வேம்பு இந்த ஆண்டு முந்திப் பூத்ததா பிந்திப் பூத்ததா என்று சொல்லும் தகவல் உங்கள் பள்ளியில் இருக்கும். காலநிலை மாற்றம் பற்றிய பாடத்துக்கு அதைவிட நல்ல துணைக்கருவி கிடையாது. சுற்றுச்சூழல் மன்றத்தின் பொறுப்பில் விடலாம்.

தமிழாசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறார் என்று மதிப்பெண்ணுக்காகச் சொல்லிக் கடக்கிறோம். பிள்ளைகளிடம் "உன் ஊரில் நீ பார்த்த பூக்களை அடுக்கு" என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் நின்றுவிடும். ஆண்டு முடிவில் நாட்காட்டியைப் பார்த்து நாற்பது சொல்வார்கள். ஐந்திணையில் குறிஞ்சியும் முல்லையும் மருதமும் செடிகளின் பெயர்கள் என்பதும், காஞ்சி என்பதே ஒரு மரத்தின் பெயர் என்பதும் அப்போது பொருளோடு பதியும். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும். 2018இல் பூத்தது, அடுத்து 2030. இன்று நான்காம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அப்போது எந்த வகுப்பில் இருக்கும் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை அதை மறக்காது.

வராத பிள்ளைகள்

கடைசியாக, நான் அதிகம் கவலைப்படும் விஷயம். ஒவ்வொரு பயணத்திலும் நான்கைந்து பிள்ளைகள் வருவதில்லை. உடம்பு சரியில்லை என்பார்கள். பேருந்துக் காசு காரணமாக இருக்கும். வீட்டில் பாவு பிடிக்கவோ தம்பியைப் பார்த்துக்கொள்ளவோ ஆள் தேவைப்படும். மறுநாள் மற்றவர்கள் கதை சொல்லும்போது இவர்கள் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, காசு ஒரு காரணமாக இல்லாமல் செய்ய முயல்வது நம் முதல் கடமை. அதையும் மீறி வர முடியாத பிள்ளைக்கு, பயணத்துக்கு முன்னும் பின்னும் நடக்கும் வேலையில் முழுப் பங்கு இருக்க வேண்டும். மாமரமும் பூக்கடையும் நாட்காட்டியும் இந்த ஊரில்தான் இருக்கின்றன. பயணத்தின் பெரும்பகுதிப் பாடத்தை இங்கேயே வைத்துவிட்டால், பேருந்தில் ஏறாத பிள்ளையும் அந்தப் பாடத்தை இழக்காது. சொல்லப்போனால், நாட்காட்டிப் பொறுப்பை அந்தப் பிள்ளையிடமே கொடுங்கள்.

2022ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், கியூ தோட்டத்துடன் இணைந்து சென்னைக்கு அருகில் 300 கோடி ரூபாயில் தாவரவியல் பூங்கா அமைக்கப்படும் என்று அரசு அறிவித்தது. அதற்கு அடையாளம் காணப்பட்ட இடம் செங்கல்பட்டு மாவட்டம் கடம்பூர். 2019 வரை நம் மாவட்டத்தோடு இருந்த பகுதி அது. நகரின் நெரிசலுக்கு வெளியே, நம் பிள்ளைகளுக்கு இன்னும் எட்டும் தூரத்தில் அப்படி ஒரு பூங்கா முழுமையாக எழும் நாள் வரட்டும். அன்று அதன் வாசலில் இறங்கும் நம் பிள்ளை பெயர்ப்பலகையைப் படிக்கும் முன்பே, "சார், இது தாழை. ஆண் செடியா பெண் செடியா, பார்க்கலாமா?" என்று கேட்க வேண்டும். அதற்கான பாடத்தை இந்தத் தை மாதமே தொடங்குவோம்.